வடிகட்டியில் வந்த கோளாறு

— சத்தமாப் பேசாதய்யா மெக்கானிக்! ஹால்ல பத்திரிகைக்காரங்க உட்கார்ந்திருக்காங்க.

— சரிங்க சார். ஹீட்டர்னு சொல்லலாமா, அதுவும் கூடாதா?

— வடிகட்டின்னு சொல்லு. பன்னெண்டு வருஷமா இந்த வீட்ல அது தண்ணி வடிகட்டிதான்.

— இவ்வளவு தடிச்ச ஒயர்ல ஒரு வடிகட்டி! நடக்கட்டும். என்ன கோளாறு?

— மூணு நாளா பச்சைத் தண்ணி கொட்டுது! மனுஷன் குளிப்பானா இதுல?

— வாசல்ல பேனர் பார்த்தேன் சார். ‘பச்சைத் தண்ணிக் குளியல்: நூறாண்டு வாழும் ரகசியம்’னு போட்டு உங்க படம்...

— அது வாசகருக்குய்யா! பத்து மணிக்கு வெளியீட்டு விழா. அதுக்குள்ள நான் குளிச்சாகணும். ஏறு மேல!

— ஏங்க, யாரு அது உள்ள?

— வடிகட்டி ரிப்பேர்! நீ போய்க் கிளம்பு.

— குளிக்கத்தான் போறேன். என் பாத்ரூம்ல தண்ணி வருமில்ல?

— வரும், ஜில்லுனு வரும்! முட்டிவலிக்கு அதுதான் மருந்துன்னு எட்டாவது அத்தியாயத்துலயே எழுதியிருக்கேன். போ!... என்னய்யா முறைக்கிற?

— அம்மாவுக்கு முட்டிவலியா சார்?

— பத்து வருஷமா. விஞ்ஞான ரீதியா குணமாயிட்டு வருது. உன்னை வைத்தியம் பார்க்கவா கூப்பிட்டேன்?

— கரண்ட் வருது. லைட் எரியுது. காயில் நல்லாருக்கு... ஐயோ!

— ஷாக்கா?

— சூடு சார்! ஹீட்டர்லேர்ந்து வர்ற குழாய் கொதிக்குது.

— அப்ப என் தலையில மட்டும் ஏன்யா ஐஸ் கொட்டுது? அரைகுறை! சரியாப் பாரு!

— திட்டாதீங்க. உங்க ஷவருக்கு மாடித் தொட்டித் தண்ணியை நேரா இணைச்சிருக்கு. சுடுதண்ணிக் குழாயைத் தனியாப் பிரிச்சு, சுவரைத் துளைச்சு, அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கு. சுத்தமான வேலை. சிமென்ட்டுகூட இன்னும் புதுசு.

— எந்தப் பக்கம்?

— அம்மா பாத்ரூம் பக்கம்.

— அடியே! கதவைத் திற! யாரைக் கேட்டு என் ஹீட்டர்ல கை வெச்ச?

— மெதுவாங்க, ஹால்ல கேக்கும். ஹீட்டரா? வடிகட்டின்னுல்ல சொன்னீங்க? நாலு நாள் முன்னாடி நீங்க வெளியூர்ல பச்சைத் தண்ணியப் பத்திப் பேசப் போயிருந்தப்ப, ஒட்டடை அடிக்க ஏறினேன். கை சுட்டுச்சு. அன்னைக்கே பிளம்பரைக் கூப்பிட்டேன்.

— யோவ் மெக்கானிக், பழையபடி மாத்திக் கொடுய்யா! மணி ஒன்பது!

— அரை நாள் வேலை சார். அதுவும் அம்மா சொன்னாத்தான் செய்வேன்.

— திமிரா? ரெண்டு பேருக்கும் திமிரா? கதவைத் திறடி! என் மானம் போகப் போகுது!

— குளிச்சிட்டு வரேங்க. ‘நூலாசிரியரின் துணைவி பேசுவார்’னு அழைப்பிதழ்ல நீங்கதானே போட்டீங்க? மூணு நாள் வெந்நீர்ல முட்டி நல்லா மடங்குது. மேடைப்படி நானே ஏறிடுவேன்.