கங்காணி குடித்த பாணி மருந்து

பிளேன்டீக்குச் சீனி கொஞ்சம் குறைவு, இன்ஸ்பெக்டர் ஐயா. பரவாயில்லை. அந்தப் பாணிப் போத்தலைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் மார்ஜரி. யட்டவத்த பக்கத்துத் தோட்டத்தில் மருத்துவிச்சி. ஆட்களுக்கு மிஸ்ஸி.

எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தளைக் கடைகள் எரிந்து அடங்கிய பிறகு எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. மனிதன் ஏன் மிருகமாகிறான் என்று ஒரு டொக்டர் விளக்கினார். ஆண் ஹார்மோன் கூடி, பதற்றம் தரும் ஹார்மோன் குறைந்தால் சிலர் அப்படி ஆகலாமாம். யாருக்குக் கெடுதல் செய்தாலும் கை நடுங்காதாம், கண் கலங்காதாம். இன்னும் நிச்சயமில்லை என்றும் ஏதோ சொல்லத் தொடங்கினார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

எனக்கு முத்துவீரன் கங்காணியின் ஞாபகம் வந்தது. மனைவி புஷ்பவதியைக் கிளினிக்கில் காக்க வைத்ததற்காக எல்லோர் முன்னாலும் என்னிடம் கத்தியவன். அவன் யாரையும் அடித்ததில்லை, உண்மைதான். ஆனால் நோய் வருமுன் தடுப்பதுதானே எங்கள் வேலை.

பெண் ஹார்மோன் என் அலமாரியிலேயே இருந்தது. கர்ப்பத்தடை மாத்திரை. பொடித்து அவனுடைய இருமல் பாணியில் கலந்தேன். மாத்திரை அளவோடுதான் வரும். ஆகவே புஷ்பவதிக்கு உரியதை எடுத்துக்கொண்டு, அவளுக்கு விட்டமின் கொடுத்தேன். குடும்பக் கட்டுப்பாடு குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை.

கொஞ்ச நாளில் கங்காணி பசுவாகிவிட்டான். ஒருநாள் கதவோரம் வந்து நின்றான்.

"மிஸ்ஸி, மாரு வீங்கி வலிக்குதுங்க. வெளியில சொல்லிராதீங்க."

"சளி இறங்குது. பாணிய மட்டும் நிறுத்திறாதீங்க" என்றேன். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன், ஐயா.

ஆனால் பாணி வேலை காட்டுவதற்கு முன்பே புஷ்பவதி கர்ப்பமாகிவிட்டாள். அவளுக்கு இருதயம் பலவீனம். இன்னொரு பிள்ளை பெற்றால் பிழைக்கமாட்டாள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அவளை மாத்திரைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

"தவறாமத்தானே குடிச்சேன், மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

"எங்கயாவது மறந்திருப்ப, புள்ள" என்றேன்.

பிரசவத்தில் போய்விட்டாள். அவள் கண்ணை மூடிவிட்டது நான்தான். கை நடுங்கவில்லை, தொழில் பழக்கம்.

முத்துவீரன் குழிமேட்டில் விழுந்து புரண்டு அழுதான். அத்தனை பேர் பார்க்க, அவ்வளவு முரட்டு ஆள். என் மருந்து பலித்ததற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும், ஐயா?