கசியாத இணைப்பு

வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் புகைக்குழாய் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பின்னால் புகை வருகிற நுனி மட்டும்தான் தெரியும். அது அவர்கள் தவறில்லை. மற்றதைத் தெரிந்துவைத்திருப்பது எங்கள் வேலை. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பம் அதைத்தான் செய்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பிளாஞ்ச் என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். இரண்டு குழாய்கள் சேருகிற இடத்தில், ஒவ்வொன்றின் நுனியிலும் பற்றவைக்கிற தடித்த இரும்புத் தட்டு அது. இரண்டு தட்டுகளையும் முகத்தோடு முகம் வைத்து, நடுவே பேக்கிங் என்கிற மெல்லிய தகட்டைக் கொடுத்து, போல்ட் போட்டு இறுக்குவோம். முகம் சமமாக இருந்தால் புகை துளிகூட வெளியே வராது.

எங்கள் பட்டறையில் கடைசி போல்ட்டைக் குடும்பத்தில் மூத்தவர்தான் இறுக்குவார். இறுக்கியதும் பிளாஞ்சின் விளிம்பில் எங்கள் முத்திரையைக் குத்துவார். முத்திரை விழுந்த இணைப்பை எங்கள் ஆட்கள் யாரும் திரும்ப அவிழ்ப்பதில்லை. அது கசிந்தால், குத்தியவர் அன்றைக்கே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அப்பா வகுத்த விதி. என் அண்ணனுடைய இணைப்பு ஒன்று ஒருமுறை கசிந்தது. அப்போது அப்பா உயிரோடு இல்லை. அண்ணன் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிவைத்தவன் நான்தான். அதற்குப் பிறகு அண்ணன் பதினோரு வருடம் உயிரோடு இருந்தார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். நான் செய்தது சரி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

நீங்கள் கேட்கிற அந்த ஜீப் நில அளவை செய்கிற ஒருவருடையது. மலையிலும் ஓடையிலும் ஓட்டுகிற வண்டி. தண்ணீரில் இறங்கினாலும் நனையாதபடி புகைக்குழாயை உயர்த்திக் கொடுக்கச் சொன்னார். எந்த பிளாஞ்ச் போடுவது என்பதில் எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் பேச்சு வந்தது. மாப்பிள்ளை என்றால் என் ஒரே மகளின் கணவர். ஆறு வருடமாகப் பட்டறையில் என் கூடவே இருந்தார். கரடுமுரடான பாதையில் இன்ஜின் ஒரு பக்கம் ஆடும், குழாய் ஒரு பக்கம் ஆடும், அதனால் ஸ்பிரிங் வைத்த, குழிவான பிளாஞ்ச் போட்டால் ஆட்டத்துக்கு இடம் கொடுக்கும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆடுகிற இணைப்பில் எங்கள் முத்திரையைக் குத்த எனக்கு மனம் வரவில்லை. மூன்று போல்ட் போட்டு இறுக்குகிற, ஆடாத தட்டையான பிளாஞ்சைப் போட்டேன்.

தட்டை ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைக்கக் கூடாது. இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று ஆறவிட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் முகம் வளைந்துவிடும். இதைப் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு நான் ஒரே சுற்றில் முடித்தேன். இரண்டு வருடமாக என் கை நடுங்குகிறது. ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி அதே இடத்தில் தொடங்க என்னால் முடிவதில்லை. இது யாருக்கும் தெரியாது. வைத்தியரிடமும் போனதில்லை.

முகத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருப்பேன். என் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் என்னையே ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வளைவதும் இல்லை, பையை விட்டு இறங்குவதும் இல்லை என்று மாப்பிள்ளைதான் அந்தப் பெயரை வைத்தாராம். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. கழற்றி முகத்தைத் தேய்த்திருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவெளியை அடைக்கிற பேஸ்ட்டை அப்பி, போல்ட்டை இறுக்கி, முத்திரையைக் குத்தினேன். பேஸ்ட் குளிர்ந்திருக்கும்வரை பிடிக்கும். சூடேறினால் எரிந்துபோகும்.

மறுநாள் மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன பிறகு மாப்பிள்ளை என்னை வண்டிக்கு அடியில் கூப்பிட்டார். இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை.

“இதுல என்ன மாமா இருக்கு. சூட்டுல வளையாத இரும்பு எங்க இருக்கு? அவங்க திரும்பி வர்றதுக்குள்ள கழட்டி, தேய்ச்சு, புது பேக்கிங் போட்டு மாட்டிடறேன். நீங்க முத்திரைய மட்டும் குத்திடுங்க. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியப்போகுது.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நடுக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை நாளாகத் தெரியும், எத்தனை இணைப்புகளைச் சத்தமில்லாமல் சரிசெய்து வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

கரி பழைய குழாயிலிருந்து வந்தது, என் இணைப்பு கசியாது என்றேன். வேண்டுமானால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கல்குவாரி மேடுவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், கசிந்தால் உள்ளே வாடை அடிக்கும் என்றேன்.

“அடிச்சா ஒத்துக்குவீங்களா மாமா?”

“அடிச்சா ஒத்துக்கறேன் மாப்பிள்ளை.”

சிரித்துக்கொண்டே ஏறினார். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டி வாசலைத் தாண்டும்போது, கியர் கம்பியைச் சுற்றிப் போடுகிற ரப்பர் உறை என் மேசைமேல் கிடப்பதைப் பார்த்தேன். வேலைக்காக நான்தான் கழற்றியிருந்தேன். அது இல்லாவிட்டால் வண்டியின் தரையில் கையளவு ஓட்டை. அதற்கு நேர் கீழேதான் அந்த இணைப்பு; கசிகிற புகை நேரே உள்ளே ஏறும். ஒரு குரல் கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பார். உறையை எடுத்து மேசை டிராயரில் வைத்தேன். பொருள்கள் அங்கங்கே கிடப்பது எனக்குப் பிடிக்காது.

அரைமணி கழித்து என் போன் அடித்தது. அவர் பெயர் தெரிந்தது. வாடை அடிக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார். எடுத்தால் ஒத்துக்கொள்ள வேண்டும். எடுக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை அடித்து, பாதியில் நின்றது.

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரம் எதற்கு எடுத்துப்போனீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். இரும்பைத் தேய்க்கத்தான். எது நடந்திருந்தாலும் வேறு யாராவது ஒருவர் அந்த வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

மேட்டுக்குப் பாதி வழியில் ஜீப் ஓரமாக நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் நான் சொன்னபடியே ஏறியிருந்தன. மாப்பிள்ளை தலையைக் கதவுக் கண்ணாடியில் சாய்த்திருந்தார். வாய்க்கு நேரே கண்ணாடியில் மூச்சுப் படிந்து வெளுத்திருந்தது. அது மறைவதும் மறுபடி படிவதுமாக இருந்தது. நான் பார்த்தேன்.

இன்ஜினை அணைக்கக் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் அவரைக் கவனிக்க வேண்டியிருக்கும். அதற்குள் யாராவது வந்துவிட்டால் முத்திரை இருந்த இடத்திலேயே இருந்துவிடும். அது உயரமான வண்டி, ஜாக்கி தேவையில்லை. அடியில் படுத்து, முத்திரை முழுதும் அழியும்வரை தேய்த்தேன். இரும்பு கொதித்தது. மணிக்கட்டில் இருக்கிற இந்தக் காயம் அப்போது பட்டதுதான். அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்று என் மகளிடம் சொன்னது பொய். கை நடுங்கியதால் கொஞ்சம் தாமதமாயிற்று. பன்னிரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்து பார்த்தபோது கண்ணாடி தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு கதவைத் திறந்தேன்.

சாவு வீட்டில், மாப்பிள்ளையே இணைப்பைக் கழற்றிச் சரியாக மாட்டாமல் ஓட்டிவிட்டார் என்று நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். என் மகள் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “உங்க முத்திரைய அவர் தொடமாட்டார்ப்பா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறாள் என்பதை நான் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டேன். என் மகள் நேர்மையானவள். எங்கள் வளர்ப்பு அப்படி.

காலையில் நீங்கள் என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டீர்கள். “பெரியவரே, கை நடுங்கி வேலை பிசகிடுச்சு, இணைப்பு கசிஞ்சிடுச்சு, பயத்துல மறைச்சிட்டீங்க. கவனக்குறைவுனு எழுதிடறேன், தண்டனையும் குறையும்” என்றீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட முடியாது.

இப்படி எழுதிக்கொள்ளுங்கள். வேலை சுத்தமாக இருந்தது. இரண்டு போல்ட்டுகளை நானே வேண்டுமென்று தளர்த்திவிட்டு மாப்பிள்ளையை அனுப்பினேன். கொலை என்றே போடுங்கள், மறுப்பு சொல்ல மாட்டேன். என் கணவரை அப்பாதான் கொன்றார் என்று என் மகள் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். அதில் எங்கள் குடும்பத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.