மூணு பொட்டலம்

— நாளைக்கு ஆபரேஷன வச்சுக்கிட்டு இன்னும் என்னங்க யோசன? ஆத்தா சன்னதியில வெள்ளப்பூதான வந்துச்சு?

— வந்துச்சு. யாரு இல்லேன்னா? ஆனா புஷ்பா... இன்னொரு தடவ பூ கேட்டுப் பாத்தா என்ன?

— பஸ் ஸ்டாண்டுல உக்காந்துக்கிட்டுப் பேசற பேச்சா இது? திருச்சி பஸ்ஸு வர நேரம். பைய மடியில வச்சுக்குங்க.

— செவப்பு வந்தா ரோபோ, வெள்ள வந்தா லேப்ராஸ்கோப்பி, வேப்பிலை வந்தா ஆபரேஷனே வேணாம், ஆத்தாளே பாத்துக்குவா. இதான பேச்சு?

— இதான். வேப்பிலைப் பொட்டலம் வச்சே ஆவணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்க. மூணையும் ஆத்தா காலடியில போட்டோம், பூசாரி கண்ண மூடிக்கிட்டு ஒன்ன எடுத்தாரு. வெள்ளப்பூ. முடிஞ்சுது.

— எனக்கு என்னமோ ரோபோ மேல ஒரு ஆச.

— எதுக்கு? கீழப்பழுவூர்ல அமிர்தலிங்கம் வயித்துலதான் மொதமொதல்ல ரோபோ கைய வுட்டுச்சுன்னு டீக்கடையில சொல்றதுக்கா?

— சொன்னா என்ன? வயித்துல புத்துநோயி வந்ததுக்கு இந்தப் பெருமையாச்சும் மிஞ்சட்டுமே.

— அந்த வார்த்தைய இவ்ளோ சத்தமா சொல்லணுமா...

— புத்த புத்துன்னு சொல்லாம வாய்ப்புண்ணுன்னா சொல்லுவாங்க?

— சரி, வுடுங்க. ரோபோன்னா அதுவா வந்து அறுக்கும்னு நெனச்சீங்களா? நம்ம கொல்லையில மக்காச்சோளம் அறுக்க பெரம்பலூர்லேருந்து மிஷின் வந்துச்சுல்ல, அது தானாவா ஓடுச்சு? ஆளு உக்காந்து ஓட்டுனான்ல? அதேதான். டாக்டரு ஒரு பொட்டி முன்னாடி உக்காந்து கைய ஆட்டுவாரு, அது வயித்துக்குள்ள ஆட்டும்.

— அந்த ஆளு வரப்பையும் சேத்துல்ல பேத்துட்டுப் போனான்.

— அதனாலதான் சொல்றேன். மிஷின விட ஓட்டுறவன் முக்கியம்.

— நடுவுல கரண்டு போயிட்டா?

— ஜெனரேட்டர் இருக்கும். நம்ம கொல்ல மோட்டாரா அது, கரண்டுக்குக் காத்துக் கெடக்க?

— லேப்ராஸ்கோப்பின்னா?

— அதுலயும் சின்னச் சின்ன ஓட்டதான். கேமரா உள்ள போவும். டாக்டரு பக்கத்துல நின்னு, நீட்டக் குச்சியாட்டம் இருக்கறதத் தன் கையாலயே புடிச்சு அறுப்பாரு.

— ரோபோ கை மணிக்கட்டாட்டம் எல்லாப் பக்கமும் வளையுமாம். நடுங்காதாம். இந்தக் குச்சி வளையுமா?

— அவ்ளோ வளையாதுதான். ரோபோன்னா ரத்தம் கொஞ்சம் கம்மியா போவுமாம், நேரம் கூடப் புடிக்குமாம். ஆனா எதுல செஞ்சாலும் எடுக்கறது அதே வயித்ததான், சுத்தியுள்ள நெறிக்கட்டியதான், பொழைக்கறதுலயும் பெரிய வித்தியாசம் இல்லன்னு டாக்டரு சொன்னாரே. நீங்க எங்க கேட்டீங்க? ஃபேனப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.

— கேட்டேன், கேட்டேன். அவருக்குக் கை பழகுனது லேப்ராஸ்கோப்பிதான்னும் சொன்னாரு.

— அப்பறம் என்ன?

— ஒன்னுமில்ல... மத்த ரெண்டு பொட்டலத்தையும் நீ பிரிச்சுக் காட்டவே இல்லியே.

— பிரிக்கக் கூடாது. கொளத்துல போட்டுட்டேன்.

— எப்ப?

— நீங்க துன்னூறு பூசிக்கிட்டு இருந்தப்ப.

— கொளத்துல தண்ணியே இல்லியே புஷ்பா.

— ...தண்ணி இல்லாட்டி என்ன, கொளம் கொளந்தான்.

— ஒன் மடியில என்ன அது, முட்டிக்கிட்டு நிக்குது?

— வெத்தலபாக்கு.

— கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நீ வெத்தல போட்டு நான் பாத்ததில்ல.

— சரிங்க, சொல்லிடறேன். மூணுலயும் வெள்ளப்பூதான் வச்சேன். வேப்பிலை வந்து, நீங்க வூட்லயே படுத்துட்டா... நான் என்னங்க பண்ணுவேன்? ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்மேல கோவிச்சுக்கட்டும். எனக்கு நீங்க இருக்கணும்.

— அழுவாத. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். என்மேல கோவமா?

— எனக்கு எதுக்குக் கோவம்? காலையில நீ குளிக்கப் போனப்பவே மூணையும் பிரிச்சுப் பாத்துட்டேன்.

— பாத்துட்டீங்களா? பாத்துட்டு ஒன்னுமே தெரியாதவராட்டம் கோயில்ல கையக் கட்டிக்கிட்டு நின்னீங்களா? எதுக்குங்க பிரிச்சீங்க?

— வேப்பிலைய எடுக்க நீ மறந்திருந்தீன்னா... நானாச்சும் எடுத்துரலாம்னுதான்.