இளைச்சுட்டியே

இந்தக் கை வைத்த நாற்காலி எனக்குப் பத்தாது இன்ஸ்பெக்டர் மேடம். கை இல்லாதது இருந்தால் போடச் சொல்லுங்கள். நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். என்னைப் போலவே உடம்பு. முதலாளி அவளை "குட்டியானை" என்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள். "எனக்கென்னம்மா குறைச்சல்? கதவுல நுழையறேன்ல?" என்பாள். உள்ளுக்குள் அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா?

எனக்குத் தைராய்டு. மாத்திரை போட்டும் நான் இளைக்கவில்லை. இவள் சின்ன வயசு, இவளுக்குக் கேட்கும் என்று தோன்றியது. என் மாத்திரையைப் பொடித்து அவள் சாயங்காலக் காபியில் கலந்தேன். சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

கேட்டது. முதலில் கன்னம் வற்றியது, அப்புறம் இடுப்பு. அவள் சட்டைகளை நானே உட்கார்ந்து பிடித்துத் தைத்தேன். ஒருநாள் கடைத்தெருவில் பழைய பக்கத்து வீட்டுக்காரி எதிரே வந்தாள். "உங்க பொண்ணா? அடையாளமே தெரியலையே, என்னமா இளைச்சுட்டா!" என்றாள். அன்றைக்குத்தான் நான் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் எங்கள் உருவம் தெரிவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவளை மட்டும்தான் பார்த்தேன்.

பிறகு அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடிச் சட்டத்தில் திருகு முடுக்க வரவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று படுக்காமல் உட்கார்ந்தே இருப்பாள்.

"பயமா இருக்கும்மா. குளிக்கறப்ப யாரோட உடம்பையோ தொடற மாதிரி இருக்கு."

"புது உடம்புல்ல, பழகிடும்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் எடுத்துக்கொண்டு, ஏதாவது மாத்திரை எடுக்கிறாளா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொன்னதாக எழுதாதீர்கள். அவள் எடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். அன்று சாயங்காலமும் பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். பாதியில் விட்டால் பழையபடி ஊதிவிடுவாளே.

பரிசோதனை முடிவு வருவதற்குள் அவள் நெஞ்சு நின்றுவிட்டது. அந்த முடிவைப் பார்த்துத்தானே நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். ஆமாம், நான்தான் செய்தேன். அவளுக்காகத்தான் செய்தேன்.

அவளைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற ஆண்கள் யாரும் வரவில்லை. இரண்டு நர்ஸ் பெண்களே தூக்கிவிட்டார்கள். "கனமே இல்ல" என்றாள் ஒருத்தி.

என் மகள் காதில் அது விழுந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள்.