'இன்னைக்கு இல்ல' குழு

ஒரு கையால் கதவைத் தட்டிக்கொண்டே மறுகையால் டைப் செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். கட்டைவிரல் பழகிவிடும்.

"நண்பர்களே, டெய்லர் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே ஃபேன் ஓடுகிறது. அண்ணன் குரல் இல்லை. எல்லோரும் ஆன்லைனில் இருங்கள்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்ட கையோடு பதில்கள் குவிந்தன. மாதக்கணக்கில் வாயே திறக்காத பேங்க் அக்கா அழுதுகொண்டே ஆடியோ அனுப்பினார். பிளம்பர் தம்பி வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

என் பக்கத்தில் டெய்லர் அண்ணனின் மகள். பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பையோடு நேராக வந்தவள்.

"அங்கிள், ஃபோனை வச்சுட்டுக் கதவை உடைங்க."

"ஒரு நிமிஷம்மா. எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு படிக்கட்டோரம் கிடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி, அவளே ஜன்னல் கண்ணாடியை உடைத்து, கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாள். ஆம்புலன்சுக்குச் சொன்னதும் அவள்தான். எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று நான் குழுவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

குடியை விட்டவர்களுக்காக நான் ஆரம்பித்த குழு அது. தினமும் சாயந்திரம் எல்லோரும் "இன்னைக்கு இல்ல" என்று எழுத வேண்டும். எழுதாதவரை நான் கூப்பிட்டுப் பேசுவேன். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை எனக்கு. கண்ணாடி மாட்டியதும் வாடிக்கையாளர்கள் என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார்கள். குழுவில் அப்படியில்லை. யார் பிள்ளைக்குப் பரீட்சை, யார் மாமியாருக்கு ஆபரேஷன், எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் ஒருநாள் தாமதமாக வந்தாலும் தேடுவார்கள்.

சேரும்போது ஒவ்வொருவரும் ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும்: எது நடந்தால் மறுபடி குடிப்பீர்கள்? அந்தப் பக்கம் அவரைப் போகவிடாமல் மற்றவர்கள் காவல் இருப்பதற்கான ஏற்பாடு. டெய்லர் அண்ணன் எழுதியது ஒரே வரி. "என் பொண்ணு என்னை வேணாம்னு சொல்லிட்டா."

சிக்கல் என்னவென்றால், ஆட்கள் குணமாகிவிட்டார்கள். குணமானவர்களுக்குக் குழு எதற்கு? "இன்னைக்கு இல்ல" குறைந்து, பூப்படம் போட்ட காலை வணக்கம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. நான் ஏதாவது கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் விழும். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு, திரை ஒளிருமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சோறு காய்ந்துபோகும்.

அப்போது பிளம்பர் தம்பி ஒருநாள் சறுக்கினான். அதில் என் கை இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். தேடினார்கள், திட்டினார்கள், தூக்கி வந்தார்கள். குழு கல்யாண வீடு மாதிரி ஆனது. "நான் விழுந்தா மட்டும்தான் எல்லாரும் ஒண்ணு சேருவீங்க போல, அண்ணே" என்று அவனே சிரித்தான். நான் சிரிக்கவில்லை. யோசித்தேன்.

மறுபடி அமைதி. அந்தச் சமயத்தில்தான் டெய்லர் அண்ணனின் மகள் என்னைக் கூப்பிட்டாள். அப்பா குடியை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டாளாம். பார்க்க வருகிறாளாம். திடீரென்று போய் நின்றால் அவர் மனது தாங்காது, நீங்கள் முன்னாடியே பக்குவமாகச் சொல்லி வையுங்கள் அங்கிள் என்றாள்.

அவள் வருவதற்கு முந்தின நாள் அவருடைய கடைக்குப் போனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணுகிட்ட பேசினேன்ணே. அப்பா செத்துட்டாருன்னு நினைச்சுக்கிறேன்னு சொல்லிட்டா."

அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ குரல் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். அது உண்மைதான்.

என் திட்டத்தில் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர் இரண்டு மடக்குக் குடிப்பார், நாங்கள் ஓடிப்போய்த் தூக்குவோம், மகள் வந்து நிற்பாள், குழுவே கூடி அழும். அதற்குப் பிறகு யார் விட்டுப் போவார்கள்? ஆனால் மனுஷன் இத்தனை காலம் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்துக் குடித்துவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, காப்பாற்ற முடியவில்லை என்று தலையை அசைத்தார். மகள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பை இன்னும் தோளில்தான் இருந்தது. பிளம்பர் தம்பி சுவரில் சாய்ந்து நின்றான். எதையும் எழுதாமல், முதல் முறையாக ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

"நான் வர்றேன்னு அப்பாகிட்ட சொன்னீங்கதானே, அங்கிள்?"

"சொன்னேம்மா."

"அப்புறம் ஏன் குடிச்சாரு?"

"இந்தப் பழக்கம் அப்படிம்மா. எப்ப இழுக்கும்னு சொல்ல முடியாது."

அவள் தோள்பையைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு, "உங்களால மட்டும் எப்படி அங்கிள் விட முடிஞ்சுது?" என்றாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கடை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குப் பேச ஆள் கிடையாது, மேடம். குடியை விட்டவர்கள் தினமும் ஒருவரையொருவர் கூப்பிட்டு "இருக்கியா" என்று விசாரித்துக்கொள்வார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டேன். அதனால்தான் குழுவை ஆரம்பித்தேன்.

நான் என் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.