மாத்திரைக்குப் பின்னால் ஒரு டம்ளர் டீ

என் கையால் போட்ட டீயைக் குடித்துவிட்டு முகம் சுளித்தவர் யாரும் கிடையாது, டாக்டரம்மா. தொழிற்சாலை கேன்டீனில் எனக்கு அதுதான் பிழைப்பு. சாயம் நன்றாக இறங்க வேண்டும், பால் அடிபிடிக்கக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள், பரவாயில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்காருங்கள். மற்றதெல்லாம் கால் ஆடும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதே வீடு, அதே இரும்புச்சத்து மருந்து, அதே பெண். ஒரு வருஷமாக ஏறாத ரத்தம் அவள் படுக்கையில் விழுந்த பிறகு எப்படிக் கிடுகிடுவென்று ஏறியது என்று கேட்கிறீர்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அம்மா போய்விட்டாள். குளிப்பாட்டியதும் நான்தான், தலை பின்னியதும் நான்தான். பின்னல் கோணலாகத்தான் வரும், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களாம். பெரியவளாகி ஹோட்டல் வரவேற்பு மேசையில் உட்கார்ந்த பிறகும் எனக்கு அவள் பாப்பாதான்.

ஒருநாள் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வந்தாள். பயணிகள் கப்பலில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். "சம்பளமும் குடுத்து உலகத்தையும் சுத்திக் காட்டுறாங்கப்பா. இதவிட என்ன வேணும்" என்றாள். நானும் சிரித்தேன். கப்பல் ஏறுகிறவள் வருஷக்கணக்கில் வரமாட்டாள். அப்புறம் எவனாவது கிடைப்பான், ஏதோ ஒரு கரையில் இறங்கிக்கொள்வாள். எனக்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் இதை அவளிடம் நான் கேட்கவே இல்லை. பெற்ற பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நின்ற அப்பன் என்று பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

கப்பல் கம்பெனியின் உடல் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று திருப்பி அனுப்பினார்கள். மாதாமாதம் அவளுக்கு அதிகமாகப் போகும், அதில் இரும்புச்சத்து குறைந்துவிட்டது என்றார் முன்பு பார்த்த டாக்டர். மாத்திரை எழுதினார். வெளியே கூட்டம், விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமில்லை. ரத்தம் ஏறியதும் வரட்டும், வேலை காத்திருக்கும் என்றது கம்பெனி.

மாத்திரை வாங்கப் போனது நான். மருந்துக்கடைப் பெண் பொறுமைசாலி. "வெறும் வயித்துல தண்ணியோட போடச் சொல்லுங்க. எலுமிச்சைச் சாறோடன்னா இன்னும் நல்லாச் சேரும். டீ, காபி, பால் மட்டும் கூட வேண்டாம், ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கணும். இல்லன்னா சத்து உடம்புல ஒட்டாது. வயித்தப் புரட்டினா சாப்பிட்டுட்டுப் போடலாம். வெளிக்குக் கறுப்பாப் போகும், அது மருந்தோட நிறம், பயந்துடாதீங்க" என்றாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு நன்றாகவே புரிந்தது. தெரியாமல் செய்துவிட்டார் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, "டீயோட போட்டா வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதாம்" என்றேன்.

தினமும் காலையில் ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் டீ. சாயம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு டீயை உறிஞ்சுவாள். "மருந்து சாப்பிட லஞ்சமாப்பா?" என்பாள். நான் விஷம் வைக்கவில்லை. மாத்திரையை மாற்றவில்லை. ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், அப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்கள்.

ஒருநாள் குளியலறையிலிருந்து வெளிறிப்போய் வந்தாள். "அப்பா, கறுப்பாப் போகுது. உள்ள ஏதாவது ரத்தம் கசியுதா?" என்றாள். அது மருந்தின் நிறம் என்று நான் சொல்லவில்லை. முகத்தை மட்டும் கவலையாக வைத்துக்கொண்டேன். அவளாகவே கொஞ்ச நாள் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அடுத்த பரிசோதனையிலும் தேறவில்லை. டாக்டர் குழம்பிப்போய் வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வேறு மாத்திரை எழுதினார், அதற்கும் நான் டீ போட்டேன். பாப்பாவின் நகம் வெளுத்தது, சீப்போடு முடி வந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குவாள். நான் இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு கைத்தாங்கலாக ஏற்றி வருவேன். என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீ இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்" என்பாள். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், எங்கள் வாழ்க்கையிலேயே நிம்மதியான நாட்கள் அவைதான்.

பிறகு ஒரு சாயங்காலம் மாத்திரை வாங்க அவளே போய்விட்டாள். மருந்துக்கடைப் பெண் அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொல்வது அவள் வேலை, குறை சொல்ல முடியாது. நான் வாசலில் நின்றிருந்தேன். பாப்பா எந்த மாடியிலும் நிற்காமல், கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் வேகவேகமாக ஏறி வந்தாள். உதடெல்லாம் வெள்ளை. கடைசிப் படிக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்தாள்.

"அப்பா, டீ..." என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் கண் செருகியது. கையை நீட்டினேன், எட்டவில்லை. பின்பக்கமாகச் சரிந்தாள். தலை படியில் மோதிய சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை, டாக்டரம்மா. அன்றைக்கு நான் அழுதது பொய் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறினேன். ஓடி வந்தவர்கள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். டீ கேட்டாள் என்றேன்.

அன்றோடு பேச்சு நின்றது, கை கால் அசைவும் நின்றது. கண் மட்டும் திறந்திருக்கிறது. குளிப்பாட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். தலை பின்னுவதும்தான். அதே இரும்புச்சத்து இப்போது திரவ மருந்தாக வருகிறது. வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்து, பக்கத்தில் பால்கூட இல்லாமல் கொடுக்கிறேன். ஏறாமல் என்ன செய்யும்? ஏறக் கூடாது என்று நினைக்க இப்போது எனக்குக் காரணம் இல்லை. ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். ஒரு வருஷம் அவள் ரத்தத்தை ஏறவிடாமல் வைத்திருந்தது நான்தான்.

அவளை இங்கிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிடப் போவதாகச் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவளையே கேளுங்கள். விழுந்த நாளிலிருந்து என்னை விட்டுப் போக வேண்டும் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.