அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்

ஓடுகிறேன். இடுப்பில் அக்காவின் பேத்தி செல்வி. தெற்குத் தெருவில் முதல் குண்டு. தகரத்தைக் கிழித்த மாதிரி சத்தம். உடனே இரண்டாவது. ஐப்பசி, வெள்ளிக்கிழமை, சோறு வடிக்கிற நேரம். மழை பெய்த கரிசல் காலில் அப்புகிறது. கால் எழவில்லை.

வாசலில் அக்கா நிற்கிறாள். "ஏட்டி, வெரசா வா! கீழூர்க்காரனுவ வாரானுவ!"

கண்மாய்த் தண்ணீருக்காகக் கீழூரோடு தகராறு, அடிதடி. போலீசுக்குப் பயந்து எங்கள் ஊர் ஆண்கள் முந்தின நாளே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

தானியம் கொட்டும் மண் குலுக்கைக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பேருக்குத்தான் இடம். என்னையும் செல்வியையும் உள்ளே தள்ளினாள். சாக்கை இழுத்து மூடினாள். அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

அக்கா அப்படித்தான். எத்தனை பேருக்குப் பொங்கினாலும் கடைசியில் சட்டியில் வழிப்பதுதான் அவள் பங்கு. வாசலுக்கு வந்தவரைக் கம்மங்கூழ் குடிக்காமல் விடமாட்டாள். கீழூர் ராசு ஆடு வாங்க வருவான். அவனுக்குக் கூழோடு மோர்மிளகாயும் வைப்பாள்.

சாக்கு ஓட்டையில் பார்க்கிறேன். நாலைந்து பேர். முகத்தில் துண்டு. எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பானைகளை உடைத்தார்கள். கூரையில் தீ வைத்தார்கள். அதுவரை ஆளைத் தொடவில்லை. போகத் திரும்பினார்கள்.

ஒருவனுக்குத் துண்டுக்கு மேலே கண் தெரிந்தது. அக்காவுக்கு அந்தக் கண் போதும்.

"ஏலே ராசு, நீயா? துண்டை எடுலே. புகையில மூச்சு முட்டிரும்."

கால்கள் நின்றன. ஒருவன் மட்டும் அரிவாளோடு திரும்பி வந்தான். முருங்கைக்காய் நறுக்குகிற சத்தம். செல்வியின் வாயைப் பொத்தியிருந்தேன்.

போலீசில் அவன் பெயரை நான் சொன்னேன். இப்போது ஜாமீனில் வந்து கோவில்பட்டிச் சந்தையில் ஆடு வாங்குகிறான். சமாதானம் பேசப் பெரிய ஆட்கள் வந்தார்கள். பெயர் காதில் விழவில்லை என்று நான் சொன்னால், எதிர்வழக்கைக் கீழூர்க்காரர்கள் விட்டுவிடுவார்களாம். அதில் என் மகன் இருக்கிறான். அக்கா இருந்தால் மன்னித்திருப்பாள் என்றார்கள். மன்னித்திருப்பாள். நான் அக்கா இல்லை.

ஆண்கள் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்றே சொன்னேன். "எம் மவன் ஜெயிலுக்குப் போனாலும் போவட்டும். நான் ராசு பேரைச் சொல்லுவேன்."

அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோர்ட்டில் நாக்குக் குழறலாம். அதனால் எழுதி வைக்கிறேன்.

போனவை. கூரை. சோளம் மூன்று மூட்டை. சினையாடு ஒன்று. அக்கா.

ராசுவுக்கு இன்னும் ஒன்றும் போகவில்லை. திங்கட்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.